அப்பாவுக்கு ஒரு புல் மெஷின்

போன மாதம் ஒரு நாள், காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். “இணையத்தில் வாங்கி ஏமாந்த பொருள் எது?” அவ்வளவுதான், போன் ஓயவில்லை. ஒருவர் கட்டில் வாங்கினாராம்; வந்தது பொம்மை வீட்டுக்கு வைக்கிற கட்டில். ஓர் அக்கா பட்டுப் புடவை என்று நினைத்து வாங்கியது, பட்டுப் புடவையின் படம் அச்சடித்த மெத்தை விரிப்பாம். மைக்கை மூடிவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

உண்மையில் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என் வீட்டு ஸ்டோர் ரூமில் “288 வோல்ட்” என்று எழுதிய ஒரு புல் வெட்டும் மெஷின் கிடக்கிறது. வாங்கியவள் நான்தான். அந்தக் கதையை வானொலியில் சொல்ல வெட்கமாக இருந்தது. இங்கே சொல்கிறேன், நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

சுங்கைப்பட்டாணியில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீடு, தாமானில் ஒரு மூலை வீடு. பக்கவாட்டில் இருபது அடி அகலத்துக்குப் புல். வேலியோரம் கருவேப்பிலை, மஞ்சள், வல்லாரை, ஒரு முருங்கை. அந்தப் புல்லை இருபது வருடமாக அப்பாதான் வெட்டி வந்தார். முதுகில் மாட்டிக்கொள்ளும் பெட்ரோல் மெஷின். எண்ணெயும் ஊற்றினால் பத்து கிலோவுக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த மனிதர். வீட்டைச் சுற்றிப் புல் வளர்ந்து கிடந்தால் அவருக்கு அவமானம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு தோள்பட்டை பிடித்துக்கொண்டது. வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. கனமான எதையும் தோளில் மாட்டக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு வயது 68. அம்மா ஒரே முடிவாக மெஷினை விற்றுவிட்டு, மாதம் ஒரு முறை வந்து வெட்ட ஆள் ஏற்பாடு செய்தார். வந்தவர் இருபது நிமிடத்தில் சுத்தமாக வெட்டிவிட்டுப் போனார். புல்லோடு சேர்த்து மஞ்சள் செடியையும் வல்லாரையையும்தான்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. திட்டியிருந்தால் நிம்மதி. அடுத்த மாதம் அந்த ஆள் வந்தபோது அப்பா வெளியே வரவே இல்லையாம். டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். “உங்கப்பா இப்பல்லாம் காலையில வெளியவே போறதில்ல” என்று அம்மா போனில் சொன்ன இரவுதான், நான் இணையத்தில் புல் மெஷின் தேட ஆரம்பித்தேன்.

முதல் தப்பு: 288 வோல்ட்

பேட்டரி மெஷின், எடை ஒன்றரைக் கிலோ, இரண்டு பேட்டரி, இரும்பு பிளேடு, விலை 140 ரிங்கிட். 288 வோல்ட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்திலிருந்த 18 வோல்ட் மெஷினின் விலை அதைப்போல் மூன்று மடங்கு. 288 பெரிதா, 18 பெரிதா? மீடியா பட்டம் வாங்கியவளின் கணக்கு அத்தோடு முடிந்தது. ஆர்டர் போட்டேன்.

உங்களுக்காவது அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின்களின் பேட்டரி டப்பாவுக்குள் இருப்பவை விரல் தடிமனுள்ள லித்தியம் செல்கள். பெரும்பாலான மெஷின்களில் வரும் வகையில் ஒரு செல்லின் மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். முழுக்க சார்ஜ் ஏறிய நேரத்தில் அதே ஐந்து செல்கள் 20, 21 வோல்ட் காட்டும். அதனால்தான் சில கம்பெனிகள் 18 என்கின்றன, சில “20 வோல்ட் மேக்ஸ்” என்கின்றன, சில 21 என்கின்றன. மூன்றும் ஒன்றுதான். இருபது என்று போட்டிருப்பதால் பதினெட்டைவிடப் பலசாலி என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

அப்படியானால் 288 வோல்ட்? அதற்கு 80 செல் வேண்டும். செல் மட்டுமே மூன்றரைக் கிலோ வரும். கைக்குள் அடங்கும் டப்பாவில் எண்பது செல்லை எப்படி அடைப்பது? எனக்கு வந்த டப்பாவில் இருந்தவை ஐந்துதான். 288 என்பது வோல்ட் இல்லை, ஆளைக் கவர அச்சடித்த ஓர் எண். 48, 88, 199 என்று இந்த வகையில் இன்னும் பல எண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லாம் அந்த ஐந்து செல்லின் உறவினர்கள்தான்.

மெஷினைப் பார்த்ததும் அப்பா சிரித்தார். “என்னாம்மா இது, சீப்பு மாதிரி இருக்கு? புல்லு வெட்டுறதா, முடி வெட்டுறதா?”

“புல்லுதான்ப்பா. ரொம்ப லேசு, தூக்கிப் பாருங்க.”

தூக்கினார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. வெளியே போனோம். இரும்பு பிளேடைப் போட்டு ஓட்டினார். ஏழு எட்டு நிமிடம் ஓடியிருக்கும். சாக்கடை ஓரம் சிமெண்ட் விளிம்பில் பிளேடு பட்டது. ‘டிங்’ என்று ஒரு சத்தம். பிளேடின் முனை உடைந்து பறந்து, வேலியோரம் இருந்த பிளாஸ்டிக் வாளியைத் துளைத்துக்கொண்டு போனது. நான் நின்றிருந்த இடத்திலிருந்து அந்த வாளி மூன்றடி தூரம்.

அப்பா சுவிட்சை விட்டார். மெஷினைக் கீழே வைத்தார். “போதும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதைப் படிக்கும் யாருக்காவது ஒரு விஷயம் மட்டும் நினைவிருந்தால் போதும். கல், சிமெண்ட், வேலிக்கம்பி உள்ள வீட்டுப் புல்லுக்கு இரும்பு பிளேடு வேண்டாம். சங்கிலி போலக் கோத்த இரும்புத் துண்டுகளை விற்கிறார்களே, அது இன்னும் மோசம். இங்கிலாந்தில் அப்படியொரு சங்கிலியின் கண்ணி பறந்து உயிர் போன பிறகு, அந்த வகைத் தலைகளையே 2012-இல் ஐரோப்பிய ஆணையம் தடை செய்தது. நமக்கு நைலான் நூல் போதும். கடையில் மலாயில் ‘தாலி தங்சி’ என்று கேளுங்கள். தாலி என்றதும் பதற வேண்டாம், மலாயில் கயிறு என்று அர்த்தம். மீன் பிடிக்கும் தங்கூசியின் பெரிய அண்ணன்.

இரண்டாம் முயற்சி: ஒயர்

பக்கத்து வீட்டு அங்கிளிடம் ஒயர் வைத்த மெஷின் ஒன்று இருந்தது. 450 வாட். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். “எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாரு” என்று கொடுத்தார். அப்பா வரவில்லை. நானே ஓட்டிப் பார்த்தேன்.

ஓட்ட ஆரம்பித்தால் நிறுத்தத் தோன்றாது. பலம் குறைவதே இல்லை. பேட்டரி தீரும் என்ற கவலை இல்லை. அரை மணி நேரம் ஓட்டினால் கால் யூனிட் மின்சாரம்கூட ஆகாது, சில சென்கள்தான். நான்கு ஐந்து வருடம் கழித்துப் புது பேட்டரி வாங்க வேண்டிய செலவும் இல்லை. விலையும் குறைவு. இவ்வளவு நல்லதை ஏன் எல்லாரும் வாங்குவதில்லை என்று யோசித்துக்கொண்டே கருவேப்பிலை மரத்தைச் சுற்றி வந்தேன்.

பதில் கீழே கிடந்தது. நான் சுற்றியபோது ஒயரும் மரத்தைச் சுற்றியிருக்கிறது. இழுத்தேன், வரவில்லை. ஓரடி பின்னால் வைத்தேன். மெஷினின் நூல் ஒயர்மேல் ‘சர்ர்’ என்று உரசியது. அணைத்துவிட்டுப் பார்த்தால், வெளித்தோல் கீறி உள்ளே நீல நிற ஒயர் தெரிந்தது. முதல் நாள் இரவு மழை. புல் ஈரம். காலில் சிலிப்பர்.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இடத்தில் அப்பா இருந்திருந்தால் என்ற நினைப்புதான். அவருக்கு இப்போது பார்வையும் கொஞ்சம் மங்கல்.

அதற்காக ஒயர் மெஷினே ஆகாது என்று சொல்ல மாட்டேன். பூச்சோங்கில் என் தோழிக்கு இடைவீடு. வாசலில் பத்தடிக்குப் புல், கார் போர்ச்சிலேயே பிளக். நடுவில் மரமும் இல்லை, செடியும் இல்லை. அவளுக்கு ஒயர் மெஷின்தான் சரி என்று நானே வாங்க வைத்தேன். ஆனால் வாங்கும்போதும் ஓட்டும்போதும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

சிரிம் முத்திரையும் நம் ஊர் மூன்று முனை பிளக்கும் இருக்க வேண்டும். இரண்டு முனை பிளக்குக்கு அடாப்டர் மாட்டி ஓட்டும் வேலை வேண்டாம். எக்ஸ்டென்ஷன் உருளையை முழுவதுமாகப் பிரித்து விடுங்கள். சுருட்டியபடியே நிறைய மின்சாரம் ஓடினால் சூடாகி உருகும். ஒயர் எப்போதும் உங்களுக்குப் பின்னால், தோளுக்கு மேலாக வரட்டும். பிளக் பக்கம் தொடங்கி, அதை விட்டு விலகிப் போகிற மாதிரி வெட்டுங்கள். ஈரப் புல்லில் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்று: உங்கள் வீட்டு மின்பெட்டியில் ‘டி’ என்று எழுதிய சின்ன பட்டன் ஒன்று இருக்கும். அதுதான் ஆர்சிசிபி என்கிற கசிவு காப்பான். மாதம் ஒரு முறை அந்த பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழுந்தால் உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் அன்றே வயர்மேனைக் கூப்பிடுங்கள். கையில் பிடித்து ஓட்டும் கருவிக்கு அது 30 மில்லி ஆம்பியரில் விழக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதையும் அவரிடம் கேட்டுவிடுங்கள். இது புல் மெஷினுக்காக மட்டும் இல்லை, அயர்ன் பாக்ஸுக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது: கடைக்குப் போய்க் கையில் பிடித்தேன்

இந்த முறை இணையம் வேண்டாம் என்று முடிவு செய்து, அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு டவுனில் உள்ள ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். “எனக்கு எதுக்கும்மா” என்றார். “எனக்குத்தான்ப்பா, நீங்க சும்மா வாங்க” என்றேன். இருவருக்குமே அது பொய் என்று தெரியும்.

கடைத் தவுக்கே நல்ல மனிதர். அப்பாவைப் பார்த்தார், தோளைப் பிடித்தபடி நடப்பதையும் பார்த்தார். மூன்று மெஷினை எடுத்து வைத்து, பேட்டரியை மாட்டி, “அங்கிள், மூணு நிமிஷம் பிடிச்சுக்கிட்டே நில்லுங்க” என்றார். நான் இத்தனை நாள் படித்த எந்த விளம்பரத்திலும் இல்லாத அறிவுரை அது. பெட்டியில் எழுதியிருக்கும் எடை பெரும்பாலும் பேட்டரி இல்லாத எடை. அதோடு, இரண்டு கிலோ மெஷின் ஒன்று லேசாக இருக்கும், அதே இரண்டு கிலோ இன்னொன்று தலைப்பக்கம் சாயும். சாய்ந்தால் அந்த எடையை முழுக்க மணிக்கட்டும் தோளும்தான் தாங்க வேண்டும். அது தராசுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

அப்பா மூன்றையும் பிடித்து நின்றார். இரண்டாவதில் குழாயின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தது, நடுக் கைப்பிடியையும் நகர்த்த முடிந்தது. முதுகை வளைக்காமல், முழங்கையைத் தூக்காமல் நின்றார். “இது பரவால்ல” என்றார். அப்பாவின் அகராதியில் அதற்கு ‘மிகச் சிறப்பு’ என்று அர்த்தம்.

பேட்டரி விஷயத்தில்தான் எனக்கும் தவுக்கேவுக்கும் விவாதம். நான் 4 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று கேட்டேன். அவர் 2 ஆம்பியர் மணியில் இரண்டு எடுக்கச் சொன்னார்.

இதிலும் ஒரு சின்னப் பெருக்கல்தான். வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் அந்த டப்பாவில் உள்ள மொத்தச் சக்தி கிடைக்கும். 18-ஐ 2-ஆல் பெருக்கினால் 36 வாட் மணி. இதுபோன்ற சின்ன மெஷின் சராசரியாக 150 வாட் இழுத்தால் கிட்டத்தட்ட 14 நிமிடம் ஓடும். 4 ஆம்பியர் மணி என்றால் அரை மணி நேரம். ஆனால் பெரிய பேட்டரியில் ஐந்துக்குப் பதில் பத்து செல் இருக்கும். எடை கால் கிலோ கூடும். “அந்தக் கால் கிலோவை அரை மணி நேரம் தூக்கப் போறது யாரு, நீயா?” என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பேட்டரி வாங்கும்போது இன்னொரு யோசனையும் வேண்டும். உங்கள் வீட்டில் ஏற்கனவே பேட்டரி டிரில் இருந்தால், அதே கம்பெனியின் அதே வரிசையில் புல் மெஷின் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பேட்டரி இரண்டுக்கும் பொருந்தினால், மெஷினை மட்டும் தனியாக வாங்கலாம். பாதி விலை மிச்சம். ஒன்றும் இல்லாதவர்கள், இன்றைக்கு வாங்கும் பேட்டரி நாளைக்கு வேறு எதற்கெல்லாம் பொருந்தும், மூன்று வருடம் கழித்து அந்த பேட்டரி கடையில் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

பார்த்துக்கொள்ளும் முறையும் கொஞ்சம் இருக்கிறது. வெட்டி முடித்ததும் சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும். காரின் பூட்டிலும் ஜிங்க் கூரைக் கொட்டகையிலும் வைக்காதீர்கள். நம் ஊர் வெயில் அதன் ஆயுளைக் குறைத்துவிடும். அதனுடன் வந்த சார்ஜரில் மட்டும், வீட்டுக்குள் டைல்ஸ் தரையில், ஆள் விழித்திருக்கும்போது சார்ஜ் செய்யுங்கள். உப்பினாலோ கீழே விழுந்து உடைந்தாலோ, பயன்படுத்தாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

வெட்டும்போது

நூலின் தடிமன் மெஷினின் புத்தகத்தில் எழுதியிருக்கும். சின்ன மெஷின்களுக்குப் பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டருக்குள்தான். பலமாக வெட்டட்டும் என்று பெட்ரோல் மெஷினின் தடித்த நூலைச் சுற்றினால் மோட்டார் திணறிச் சூடாகும். லாலாங் ஆளுயரத்துக்கு நிற்கிறதா? அதற்கு இந்த மெஷின் ஆகாது. ஒரு முறை ஆள் வைத்து வெட்டிவிட்டு, பிறகு வாரா வாரம் இதை வைத்துப் பராமரியுங்கள். வாரா வாரம் கொஞ்சம் வெட்டுகிறவர்களுக்காகச் செய்யப்பட்ட மெஷின் இது.

கண்ணாடி, மூடிய காலணி, நீளக் கால்சட்டை கட்டாயம். பிள்ளைகளும் பூனையும் உள்ளே இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் கார் நிற்கும் பக்கம் கற்கள் இருந்தால் முதலில் பொறுக்கிவிடுங்கள். தலையைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள், ஒயர் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஒலிபரப்பில் வேலை செய்கிறவள் என்பதால் ஒன்று சொல்கிறேன்: காதையும் பயன்படுத்துங்கள். நூல் தேய்ந்து குட்டையானால் மோட்டார் வேகமாகச் சுற்றும், சத்தம் கீச்சென்று மேலே ஏறும். அப்போது நூலை நீட்ட வேண்டும். சத்தம் தாழ்ந்து இழுத்தால் புல் அதிகம். கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

வெட்டி முடித்த பிறகும் ஒரு வேலை உண்டு. புல் வெட்டினால் டிங்கி வராது என்று பலர் நினைக்கிறோம். ஏடிஸ் கொசு புல்லில் முட்டையிடுவதில்லை. புல் மறைத்து வைத்திருக்கும் தயிர் டப்பாவிலும் உடைந்த பூச்சட்டியிலும் தேங்கிய நீரில்தான் இடுகிறது. புல்லை வெட்டியதும் அவை கண்ணுக்குத் தெரியும். அப்போதே எடுத்துக் கவிழ்த்துவிட்டால்தான் வேலை முடிந்தது.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, புதன்கிழமையும் வெட்டுகிறார் என்று அம்மா புகார் சொல்கிறார். மஞ்சளைச் சுற்றி ஒரு கைப்பிடி அகலத்துக்குப் புல்லை விட்டுவிட்டு, அதை மட்டும் உட்கார்ந்து கையால் பிடுங்குகிறாராம்.

அந்த 14 நிமிட பேட்டரியை நான் குறை என்று நினைத்திருந்தேன். பெட்ரோல் மெஷின் காலத்தில் அப்பா முழுதும் முடிக்காமல் நிறுத்தமாட்டார். வலித்தாலும் நிறுத்தமாட்டார். அம்மா கத்தினாலும் நான் கெஞ்சினாலும் கேட்டதில்லை. இந்த பேட்டரி சொன்னால் மட்டும் கேட்கிறார்.

போன ஞாயிறு அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் மைனா சத்தம், பாத்திரம் வைக்கும் சத்தம்.

“பேட்டரி முடிஞ்சிருச்சும்மா. உங்கம்மா டீ போடுறா. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்.”

வானொலியில் எத்தனையோ குரல்களை ஒலிபரப்பியிருக்கிறேன். இதை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வேறொரு வீட்டுச் சாமானோடு சந்திப்போம்.